எதிலிருந்து எடுக்கலாம்?

எங்கள் இணையதளத்தை நான் முதன்முதலில் காட்டியது சேலத்தில் குகை என்கிற பகுதியில் தட்டுவடை செட் போடும் ஒரு வண்டிக்கடை அக்காவிடம். நண்பர்களிடம் காட்டினால் "சூப்பர்டா" என்பார்கள், வீட்டில் காட்டினால் "இதுல காசு வருமா" என்பார்கள், இரண்டாலும் எனக்குப் பிரயோசனம் இல்லை. அக்கா வேறு மாதிரி. சட்னியில் காரம் போதவில்லை என்று யாராவது சொன்னால் "உனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர். சாயங்காலம் நாலரை மணி இருக்கும், கூட்டம் இன்னும் சேரவில்லை, பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு என் போனை வாங்கினார். அப்படியும் திரையில் தொட்ட இடமெல்லாம் சிவப்பு.

விஷயம் இதுதான். ஊர் பட்ஜெட்டைச் சாதாரண ஆள் படிக்கிற மாதிரி போட்டு, "இதில் கூட்டலாம், இதில் குறைக்கலாம்" என்று அவரவரே மாற்றிப் பார்த்து, அந்த மாற்றத்தை ஒரு முன்மொழிவாகப் பதிவு செய்ய ஒரு தளம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் செய்தது. கோடு, அதாவது நிரல், முழுக்கக் கட்டற்ற உரிமத்தில் வெளியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் ஊருக்கு ஓட்டலாம்.

அக்கா தெருவிளக்கைத் தொட்டார். ராத்திரி கடை முடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சந்தில் இன்னும் இரண்டு விளக்கு இருந்தால் நல்லது என்பது அவர் ஆசை. எவ்வளவு கூட்ட வேண்டும் என்ற கேள்விக்கு யோசிக்காமல் ஒரு எண்ணைப் போட்டார். அடுத்த பெட்டி வந்தது: "எதிலிருந்து எடுக்கலாம்?" அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதை நான் எதுக்குத் தம்பி சொல்லணும்? காசு அவங்ககிட்டதான இருக்கு?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட்டமும் வந்துவிட்டது. நான் ஒரு செட்டும் ஒரு நொறுக்கலும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டியைத் தூக்கிவிடலாமா என்றுதான் யோசனை. ஆனால் அதைத் தூக்கிவிட்டால் எங்கள் தளத்துக்கும் மனுப்பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? மனு எழுத நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ளவில்லை. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி என்ற ஊரில் 1989-லேயே ஜனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று கேட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளிடம் கொடுத்து, வார்டு வார்டாகக் கூட்டம் போட்டார்கள். புனேயில் 2006 முதல் பட்ஜெட்டுக்கு முன்னால் குடிமக்களிடம் ஆலோசனை வாங்குகிறார்கள். மென்பொருள் என்று பார்த்தால் மாட்ரிட் நகரம் 2015-ல் கொண்டுவந்த கான்சுல், அடுத்த வருடம் பார்சிலோனா கொண்டுவந்த டெசிடிம், இரண்டுமே ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கின்றன, உலகத்தில் பல ஊர்கள் எடுத்து ஓட்டுகின்றன. நாங்களும் முதலில் டெசிடிமைத்தான் இறக்கினோம். நல்ல வண்டிதான், ஆனால் பத்துப் பேர் போக பஸ் வாங்கின மாதிரி ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அந்த ஊர்களில் தளம் பின்னால் வந்தது, வாக்குறுதி முன்னால் வந்தது. பாரிஸில் 2014-ல் தொடங்கியபோது, மூலதனச் செலவில் 5 சதவீதத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று நகர நிர்வாகமே ஒதுக்கி வைத்தது. எங்களிடம் அப்படி ஒதுக்கிய பணம் ஒரு ரூபாய் கிடையாது. எங்கள் தளத்தில் லட்சம் பேர் வாக்களித்தாலும் யாரும் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. இதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட வேண்டும் என்று நான்கு பேரில் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். போட்டோம். அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நான் சொன்னேன், அப்படித்தான் நடந்தது, ஆனாலும் அவர் செய்தது சரி.

கோடு எழுதுவது இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. பட்ஜெட்டைப் படிப்பதுதான் ஒரு வருடம் இழுத்தது.

முதலில் பழகுவதற்காக வேறொரு ஊரின் பட்ஜெட் பிடிஎஃப் ஒன்றை எடுத்தோம், எந்த ஊர் என்பது வேண்டாம். கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும். காப்பி எடுத்து ஒட்டினால் "சொத்து வரி" என்பது "ெசாத்து வரி" என்று வரும். "தேய்மானம்" என்பது "ேதய்மானம்". கொம்பு முன்னால் ஓடிவிடும், ஏனென்றால் காகிதத்தில் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரிகிறது, கணினிக்கோ மெய்தான் முதலில் வரவேண்டும். சில பக்கங்கள் இன்னும் மோசம், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தின எழுத்துருவில் அடித்தவை, ஒட்டினால் தமிழே இருக்காது, ஆங்கிலக் கிறுக்கல் மாதிரி ஏதோ வரும். அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, ஆனால் பழைய விசைப்பலகையில் பழகிய விரல்கள் அரசாணையைப் படிப்பதில்லை. கொம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளவும், அதற்கப்புறம் வருகிற காலோடு சேர்த்து ஒட்டவும் ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுதினேன். முப்பது வரி இருக்கும். இந்தத் திட்டத்தில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். யாரும் அதைப் பாராட்டவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அப்புறம் பெரியப்பா வந்தார். ஒரு பேரூராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆஸ்தான ஆலோசகர் ஆகிவிட்டார். நான் முதல் வடிவத்தை ஆசையாகக் காட்டினேன். வண்ண வண்ணக் கட்டங்கள், செலவு பெரிதாக இருந்தால் கட்டமும் பெரிது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, தெருவிளக்குப் பராமரிப்பு மொத்தச் சம்பளத்தைவிடப் பெருசா இருக்கு? தங்கத்துல கம்பம் நடுறாங்களா?"

பார்த்தால், ஒரு அட்டவணை ஆயிரத்தில் இருக்கிறது, இன்னொன்று லட்சத்தில். மேலே மூலையில் சின்னதாக "ரூபாய் லட்சத்தில்" என்று அச்சாகியிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. ஒரே நூறு மடங்கு. மூன்று நாள் அது திறந்த இணையத்தில் கிடந்திருக்கிறது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் போட்டிருந்தால் என் கதி என்ன? அன்றிலிருந்து ஒரு விதி: ஒவ்வொரு எண்ணும் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்ற பக்க எண் இல்லாமல் தளத்தில் ஏறாது, இரண்டாவது ஆள் சரிபார்க்காமலும் ஏறாது.

பெரியப்பா கற்றுக்கொடுத்த இன்னொன்று, பத்திகளைப் படிக்கும் வரிசை. பட்ஜெட் புத்தகத்தில் பொதுவாக மூன்று பத்தி இருக்கும். போன வருடம் உண்மையில் வந்த பணத்துக்கும் செலவான பணத்துக்குமான கணக்கு. நடப்பு வருடத்தின் திருத்திய மதிப்பீடு. வருகிற வருடத்துக்கான மதிப்பீடு. நாம் எல்லோரும், பத்திரிகைகள் உட்பட, மூன்றாவதைத்தான் பார்க்கிறோம். "மதிப்பீட்டைப் பாக்காத கண்ணு, கணக்கைப் பாரு. மதிப்பீடு கல்யாணப் பத்திரிகை, கணக்குதான் மொய் நோட்டு" என்றார். இப்போது தளத்தில் எந்தத் தலைப்பைத் தொட்டாலும் முதலில் வருவது பழைய கணக்குதான். போன முறை ஒதுக்கியதே செலவாகாமல் கிடக்கும் ஒரு தலைப்புக்கு மேலும் பணம் கேட்பதில் அர்த்தம் இல்லை என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

பூட்டுகள் போடச் சொன்னதும் அவர்தான். தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் பணம் ஒரே உண்டியலில் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று. ஒன்றிலிருப்பதை இஷ்டத்துக்கு இன்னொன்றில் போட முடியாது. மேலே இருந்து வருகிற மானியத்துக்கும் கயிறு கட்டித்தான் அனுப்புவார்கள். மத்திய, மாநில அரசுகளுக்குள் நிதியைப் பங்கிடச் சொல்லும் 15-வது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் என்று சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி எட்டேகால் லட்சம் சொச்சம், ஆகவே நாம் அந்த வரிசை. இதற்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, கரண்ட் பில். இவற்றையெல்லாம் பூட்டுப் படத்தோடு காட்டினோம். தொட்டால் ஏன் பூட்டு என்று இரண்டு வரி வரும்.

மூலதனம், வருவாய் என்ற பிரிவைப் புரியவைப்பதற்குத்தான் நாக்குத் தள்ளிவிட்டது. அக்காவின் விளக்கையே எடுத்துக்கொள்ளலாம். கம்பம் நடுவது ஒரு தடவைச் செலவு, அது மூலதனம். அதில் எரிகிற கரண்டும், ஃபியூஸ் போனால் ஏறி மாற்றுகிற ஆளும் மாதாமாதம், அது வருவாய்ச் செலவு. முதலாவதற்கு எங்கிருந்தாவது திட்டமோ மானியமோ வரும், வந்து கல்வெட்டும் வைத்துவிட்டுப் போகும். இரண்டாவது வருடாவருடம் ஊரின் சொந்தக் கையில் விழும். புதுப் பூங்கா கேட்டு வந்த முன்மொழிவுகளில் ஒன்றுகூட அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளின் சம்பளத்தைச் சேர்க்கவில்லை.

சரி, ஜனங்கள் எழுத ஆரம்பித்தபோது அடுத்த சிக்கல். அவர்கள் எழுதுகிற சொல் புத்தகத்தில் இல்லை, புத்தகத்தில் இருக்கிற சொல் தெருவில் இல்லை. ஒருவர் "டிச்சு" என்று எழுதுவார், இன்னொருவர் "சாக்கடை", இன்னொருவர் "ஓடை". புத்தகத்தில் மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு, இரண்டுக்கும் நிதியே வேறு. "குப்பை வண்டி" என்று தேடினால் ஒன்றும் வராது, அது "திடக்கழிவு மேலாண்மை"க்குள் ஒளிந்திருக்கும். "மேட்டூர் தண்ணி" என்றால் சேலத்தில் கைக்குழந்தைக்குத் தெரியும், காவிரிக் குடிநீர், அதற்கு எதிர்ப்பதம் உப்புத்தண்ணி, அதாவது போர் தண்ணி. இந்த இரண்டு சொல்லையும் வைத்துத்தான் வீட்டு வாடகையே பேசுவோம். ஆனால் புத்தகத்தில் "குடிநீர் விநியோகம்" என்று ஒரே சொல்.

இதற்காக ஒரு சொல்பட்டியல் கோப்பு தொடங்கினோம். இடது பக்கம் தெரு பேசுகிற சொல், வலது பக்கம் கணக்குத் தலைப்பின் எண். இன்று எங்கள் நிரல் களஞ்சியத்தில் அதிகத் திருத்தம் வாங்கிய கோப்பு அதுதான். நிரல் தெரியாதவர்களும் அதற்குப் பங்களிக்கிறார்கள். பொன்னம்மாபேட்டையில் ஒரு கல்லூரி மாணவி தன் பாட்டி சொல்கிற சொற்களாகவே முப்பது, நாற்பது அனுப்பினார்.

கட்டற்ற மென்பொருள் என்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களிடம் நான் சுதந்திரம், தத்துவம் எதுவும் பேசுவதில்லை. நம் ஊரில் பொதுக்காரியம் என்று யார் ஆரம்பித்தாலும் முதல் கேள்வி "நீங்க எந்தக் கட்சி?" என்பதுதான். கோடு திறந்திருக்கிறது, எந்த எண்ணை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் திறந்திருக்கிறது, நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள் என்று சொல்ல முடிகிறது. யாரும் பார்ப்பதில்லை. பார்க்கலாம் என்று சொன்னதுமே குரல் இறங்கிவிடுகிறது.

ஏற்காட்டிலிருந்து ஒரு ஆசிரியர் எழுதியதும் அதனால்தான். மேலே மாநகராட்சி கிடையாது, ஊராட்சி. கணக்குத் தலைப்புகள் வேறு, ஆனால் ஒரு வசதி, கிராம சபை வருடத்துக்கு 6 தடவை கூடும். நிரலை எடுத்துத் தன் ஊராட்சிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அனுமதியே கேட்க வேண்டாம் என்றேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, எஸ்டேட் பக்கம் சிக்னல் ஒரு புள்ளிதான், உங்கள் பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன், உண்மைதான். வண்ணக் கட்டங்களையெல்லாம் தூக்கிவிட்டு வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு வடிவம் செய்தோம். இப்போது கீழேயும் பலர் அதைத்தான் பார்க்கிறார்கள். என் வண்ணக் கட்டங்களுக்கு மூன்று வாரம் உழைத்தேன்.

போன் இல்லாதவர்கள்? இது ஆரம்பம் முதல் உறுத்தியது. வசதியானவர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கமிருந்து முன்மொழிவு வந்துகொண்டே இருந்தது. கிச்சிப்பாளையத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. தளத்தைப் பார்த்துவிட்டு ஊரின் தேவை இதுதான் என்று யாராவது நினைத்தால் சேலத்துக்கு நடைபாதையில் டைல்ஸ் மட்டும் போதும் போலிருக்கும்.

இதற்கு வழி சொன்னது அம்மாதான், பல்லாங்குழி ஆடும்போது. ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம்: விளக்கு, குழாய், ரோடு, குப்பை வண்டி, பள்ளிக்கூடம், சம்பளக் கவர். இப்போதைய பட்ஜெட் எப்படியோ அந்தக் கணக்குக்குப் புளியங்கொட்டை. நகர்த்தலாம், புதிதாக வைக்கக் கூடாது. பூட்டியவற்றைக் கோந்து போட்டு ஒட்டிவிட்டேன்.

அம்மாபேட்டையில் ஒரு தறி வீட்டுத் திண்ணையில் முதல்முறை விரித்தோம். உள்ளே தறிச் சத்தம், வெளியே பத்துப் பதினைந்து பேர். தளத்தில் அரை மணி நேரம் விளக்கியும் விளங்காத "எதிலிருந்து எடுக்கலாம்", இங்கே யாரும் விளக்காமலே நடந்தது. குழாய்க் கட்டத்தில் வைக்க வேண்டுமென்றால் கை தானாக வேறொரு கட்டத்துக்குப் போகிறது. போனதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையைப் பிடிக்கிறார். "ரோட்டுல எடுக்காத, எங்க சந்துக்கு இன்னும் வரல." ஒரு பெரியவர் சம்பளக் கட்டத்துக் கொட்டையை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "இதை ஏம்ப்பா ஒட்டி வெச்சிருக்க?" சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஒட்டாததை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். ஒரு பாட்டி மடியிலிருந்து தன் சொந்தக் கொட்டை இரண்டை நைசாகப் பள்ளிக்கூடத்தில் வைத்தார். பிடித்துவிட்டோம். அதுவும் ஒரு வகையில் நமக்கு நாமே திட்டம்தான் என்று யாரோ சொல்ல, திண்ணையே சிரித்தது. செலவில் ஒரு பங்கை ஜனங்கள் போட்டால் மீதியை அரசு போடும் என்று 1997-லிருந்து வந்துபோய்க்கொண்டிருக்கும் திட்டம் அது.

முடிந்ததும் அட்டையைப் படம் எடுத்து, மாற்றங்களை ஒரு பக்கக் கடிதமாக அச்சடித்துக் கொடுக்கிறோம். இப்போது நகரத்திலும் ஜனங்கள் கூடிப் பேச வார்டு குழு, பகுதி சபா என்று சட்டப்படி இடம் இருக்கிறது, 2022-ல் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் பகுதி சபா முதல்முறை கூடியது. அங்கே கொண்டுபோய் நீட்ட ஒரு காகிதம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வருகிறது, அவ்வளவுதான் நான் இதுவரை பார்த்தது.

போன மாதம் அட்டையைக் குகைக்கும் கொண்டுபோனேன். அக்கா வண்டியின் ஓரத்தில் விரித்தேன், வெங்காயத் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார். விளக்குக் கட்டத்துக்கு ஒரு கொட்டை வேண்டும், எங்கே எடுப்பது என்று ஒவ்வொரு கட்டமாகக் கை போய் வந்தது. எதிலும் எடுக்கவில்லை. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "இந்தக் கொட்டையெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

வரி, மானியம் என்று ஆரம்பித்தேன். சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதோடு சேர்த்துக் கட்டுகிற நூலக வரி ரூபாய்க்கு 10 பைசா, அது நூலகத்துக்கே போய்விடும், தொழில் வரி, கடை வாடகை... அக்கா நடுவில் நிறுத்தினார்.

"நான் தெனமும் சுங்கம் கட்டறனே, அது எந்தக் கட்டத்துல இருக்கு?"

சுங்கம் என்றால் தெருக்கடைக்காரர்களிடம் தினமும் வசூலிக்கும் கட்டணம். அது எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒரு வருடம் உட்கார்ந்து செலவுப் பக்கத்தை மட்டும்தான் போட்டிருக்கிறோம். வரவுப் பக்கம் என்று தளத்தில் ஒன்றே கிடையாது, நான்கு பேரில் ஒருவருக்கும், பெரியப்பாவுக்கும்கூட, தோன்றவில்லை. அசடு வழிந்தேன். அக்கா வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து, அதிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து என் கையில் வைத்தார். சுங்க ரசீதுகள், எத்தனை மாதத்துடையதோ. "எல்லாத்தையும் கூட்டிப் பாரு தம்பி. பாத்துட்டு வா, அப்பறம் எதுல எடுக்கறதுன்னு சொல்றேன்."

தினமும் ராத்திரி உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. சிலதில் எண்ணெய் பட்டுத் தேதி மங்கிவிட்டது, அவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்குப் போய் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.